குறுக்கே நின்ற உடுமலை வண்டி

கலாமணியக்காவின் வாயை விற்றவன் நான்தான். தெரியாமல் விற்றேன் என்று தீர்ப்பாயத்தில் சொன்னேன். தெரியாமல் விற்றாலும் விற்றது விற்றதுதான் என்று அவர்கள் சொன்னார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. வாங்கியது வாங்கியதுதானா என்பதில்தான் மறுப்பு.

விஷயம் வெளியே வந்தது ஒரு திங்கட்கிழமை காலை, எட்டு மணி ஆறு நிமிஷத்துக்கு, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில். நான் உடுமலையில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். தினமும் 8.05 வண்டிதான்.

பொள்ளாச்சியில் தனியார் பஸ் என்றால் நிமிஷம்தான் சோறு. 8.05 உடுமலை வண்டி கிளம்பினால்தான் 8.11 பழனி வண்டிக்கு இடம். ஒருவன் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் பின்னால் வருகிறவனின் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதற்காக ஸ்டியரிங்கை விட்டு இறங்கிச் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. அந்தச் சண்டை வராமல் மைக் பிடித்து வண்டிகளை விரட்டுகிற ஆள்தான் டைம் கீப்பர். இப்போது பஸ்ஸெல்லாம் பேட்டரியில் ஓடுகிறது, முக்கால்வாசி தானாகவே ஓடுகிறது. ஆனாலும் டிரைவர் சீட்டில் ஆள் உண்டு. எதிரே வருகிறவனைத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

கலாமணியக்கா அங்கே முப்பது வருஷமாக டைம் கீப்பர். வயது ஐம்பத்து மூன்று. கொண்டையில் பென்சில், கழுத்தில் விசில். அவர் மைக்கைத் தொட்டால் ஸ்டாண்டில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து ஓரமாகப் போகும்.

அன்றைக்கு மணி 8.06 ஆகியும் உடுமலை வண்டி நகரவில்லை. டிரைவர் மாரப்பன் ஜன்னல் வழியாக யாரோ சொந்தக்காரரிடம் கல்யாணப் பேச்சில் இருந்தார். அக்கா மைக்கை எடுத்தார். உதடு அசைந்தது, கை ஆடியது, நெற்றி நரம்பு புடைத்தது. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை.

மைக்கின் சின்னத் திரையில் சிவப்பாக ஒரு வரி ஓடியது. 'பதிவு பெற்ற சுபாவம். உரிமம் இல்லாமல் நிகழ்த்தக் கூடாது.'

"ஏப்பா நவநீதா, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான? இதென்ன கெரகம்னு பாரு" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

நான் 'ஹலோ' என்றேன். ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. திருப்பிக் கொடுத்தேன். அவர் திட்டினார். மறுபடியும் ஊமை. "அக்கா, கொஞ்சம் மெதுவா, மரியாதையாச் சொல்லிப் பாருங்க" என்றேன்.

வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு அவர் சொன்னார்: "தயவுசெய்து உடுமலைப் பேருந்தை எடுக்கவும். நன்றி."

கணீரென்று கேட்டது. ஸ்டாண்டே சிரித்தது. மாரப்பனும் சிரித்தார். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. மாரப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் ஏறவில்லை.

"என்ற சத்தம் எங்க போச்சு?" என்று அக்கா கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு கயிற்றுக்கடை மாடியில் உட்கார்ந்து வீடியோ கேம் ஒன்று செய்தோம். பெயர் 'பொள்ளாச்சி டைமிங்'. ஆடுகிறவன் தனியார் பஸ் டிரைவர். நிமிஷம் தவறாமல் ஊர் ஊராகப் போய்த் திரும்ப வேண்டும். முதல் தடவை செய்தபோது டைம் கீப்பருக்கு மிஷின் குரல் வைத்திருந்தோம். ஒருத்தனும் பயப்படவில்லை. பயம் இல்லாவிட்டால் நிமிஷத்துக்கு என்ன மதிப்பு? ஆட்டம் படுத்துவிட்டது.

அதனால் கலாமணியக்காவிடம் போய் நின்றோம். கழுத்தில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு நாற்பது நாள் வேலை பார்க்கச் சொன்னோம். அது பேச்சை மட்டும் பதியவில்லை. யாரை எப்போது திட்டுகிறார், யாரை மன்னிக்கிறார், ஒரு நிமிஷம் தாமதமானால் எந்த டிரைவரின் முகத்தைப் பார்த்து விட்டுவிடுகிறார், எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் சுபாவ அச்சு.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு சம்பவம். வெளியூர் வண்டிக்காரன் ஒருவன் பழனி லைன் டைம் கீப்பர் கிழவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். அக்கா மைக்கை எடுத்து ஒரே வரிதான் சொன்னார்: "உடுமலை, வண்டிய வாசல்ல குறுக்கப் போடு." உடுமலை வண்டி ஸ்டாண்டு வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அறை வாங்கியவர் யார், அவர் யோக்கியரா என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் அங்கே வழக்கம். டைம் கீப்பர் மேல் கை விழுந்தால் வண்டி ஓடாது. ஆறு மணி நேரம் கழித்து அறைந்தவன் வந்து காலில் விழுந்தான். அதையும் அந்தக் கருவி பதிந்துகொண்டது.

அந்த அச்சையே டைம் கீப்பராக உள்ளே வைத்ததும் ஆட்டம் பற்றிக்கொண்டது. மணிலாவிலும் லிமாவிலும் லாகோஸிலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் "எட்றா வண்டிய, கெரகம் புடிச்சவனே" என்று திட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஊரிலும் நிமிஷத்துக்குச் சண்டை போடுகிற வண்டிகள் இருக்கின்றன போலும். பெரிய இடத்தில் இருந்து கேட்டு வந்தார்கள், விற்றோம். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் வேறொருவருக்கு. ஆறு பாகம் வந்தது, ஐந்து முதலாளிகள் மாறினார்கள். ஐந்தாவது முதலாளி வெல்டோரா என்ற கம்பெனி.

அன்று மதியமே அக்காவை வக்கீல் பர்வீன் பானுவிடம் கூட்டிப் போனேன். அவருடைய ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில். சின்ன வயதில் காலேஜுக்கு லேட்டாகி அக்காவிடம் திட்டு வாங்கியவர்.

"சட்டம் வந்து மூணு வருஷம் ஆச்சுங்க்கா" என்றார் பர்வீன். "நடிகருங்க குரலு, சிரிப்பெல்லாம் திருட்டுப் போகுதுன்னு கொண்டு வந்தாங்க. நல்லதுக்குத்தான் வந்தது. ஒரு சுபாவ அச்ச யாரு முதல்ல பதிவு பண்றாங்களோ அவங்களுக்கு அது சொந்தம். எல்லா மைக்லயும் போன்லயும் ஒரு காவல் சில்லு இருக்கு. பேசற விதம் பதிவான அச்சோட நூத்துக்குத் தொண்ணூறு ஒத்துப் போனா சத்தத்த அடைச்சிரும். வெல்டோரா போன வெள்ளிக்கிழமை அவங்க அச்சப் பதிவு பண்ணியிருக்காங்க."

"நான் யாரத் திருடினேன்?"

"உங்களத்தாங்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பதிவு பண்றப்ப நெசமான ஆளு உயிரோட இருக்குதான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டாங்க. உங்க ஒப்பந்தத்தக் காட்டியிருக்காங்க. 'இப்போது உள்ளதும் இனி உருவாகக்கூடியதுமான எல்லா வடிவங்களிலும், எல்லாக் காலத்துக்கும்'னு எழுதியிருக்கு. யாரு எழுதினாங்களோ, மகராசன்."

மகராசன் நான்தான். இருபத்து நாலு வயதில், இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தேன். முழுசாகப் படிக்கக்கூட இல்லை. படித்திருந்தால் மட்டும் என்ன புரிந்திருக்கும்? சொன்னேன். அக்கா அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

மைக் போனது ஒரு பக்கம். விசிலும் வெறும் தொண்டையுமாக இரண்டு வாரம் ஸ்டாண்டை ஓட்டினார். தொண்டை கட்டிப் போனது. போன்தான் அவரை நிஜமாகவே உடைத்தது. மகள் தாரணி மஸ்கட்டில் நர்ஸ். எட்டாம் மாசம். ஒருநாள் மத்தியானம் நான் டீ வாங்கிக்கொண்டு போனபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பது வரைக்கும் போனது. "ஏண்டி, காலு வீங்கியிருக்குதுங்கற, இன்னும் நின்னுட்டே வேல பாக்கறயே, உனக்கு அறிவிருக்குதா" என்று தொடங்கியதும் போன் அடைத்துக்கொண்டது.

"அம்மா? அம்மா, என்னாச்சு?" என்று அந்தப் பெண் அங்கிருந்து கேட்டாள். "எதாச்சும் திட்டும்மா. நீ இப்புடிப் பொத்திப் பொத்திப் பேசுனா எனக்குப் பயமா இருக்குது."

அக்கா அழுதார். அழுகையும் போனில் போகவில்லை. அந்த நாற்பது நாளில் ஒருநாள் அவர் அழுதும் இருக்கிறார்.

அதற்கு மறுவாரம் வெல்டோராவின் வக்கீல் அஸ்வத் ஸ்டாண்டுக்கே வந்தார். சென்னைக்காரர். கஞ்சி போட்ட சட்டை, நல்ல சிரிப்பு. பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், உங்களுக்குக் கஷ்டம் குடுக்கணும்னு எங்களுக்கு ஆசையா? உங்களை உங்களுக்கே இலவசமா தரோம். உரிமம் எழுதிக் கொண்டாந்திருக்கேன். மைக், போன் எல்லாம் இந்த நிமிஷமே திறந்துடும். ரெண்டே ரெண்டு நிபந்தனை. கம்பெனிக்கு எதிரா இந்தச் சுபாவத்தைப் பயன்படுத்தக் கூடாது. வருஷத்துக்கு மூணு நாள் வந்து புதுசா பதிவு குடுக்கணும். அச்சு பழசாகக் கூடாது இல்லையா?"

"பயன்படுத்தறதுன்னா?"

"திட்டறதுதான் மேடம். யாரை வேணா திட்டுங்க. எங்களைத் தவிர."

அக்கா தண்ணீர் குடித்தார். கட்டின தொண்டையோடு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, என்ற வாய்க்கு நீ எனக்கு வாடகச் சீட்டு எழுதிக் கொண்டு வந்திருக்கற. நான் பொறந்தப்ப அழுதது மொதக்கொண்டு என்றது. எந்திரி. 11.20 கோயமுத்தூர் வண்டி நிக்குது. அதுல ஏறிப் போயிரு."

"யோசிச்சு முடிவு பண்ணுங்க மேடம்."

"பண்ணியாச்சு. 11.19 ஆச்சு."

அஸ்வத் ஓடிப்போய்த்தான் ஏறினார். பழக்கமில்லாதவர்கள்கூட அந்தக் குரலுக்கு ஓடுவார்கள்.

வழக்கு கோயமுத்தூரில், சுபாவ உரிமைத் தீர்ப்பாயத்தில் நடந்தது. உறுப்பினர் திலகவதி அம்மையார், கண்டிப்பானவர். தீர்ப்பாயத்து மைக்கும் அக்காவின் குரலை அடைத்தது. அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் தொண்டையில் பேசினார். வெறும் தொண்டைக்கு இன்னும் யாரும் சில்லு வைக்கவில்லை.

அஸ்வத் ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்."

"பக்கத்துல 10.14னு போட்டிருக்கே, அது என்ன?"

"டைமுங்."

நான் தலையில் கை வைத்தேன். அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. ஸ்டாண்டிலேயே, வண்டிகளுக்கு டைம் போட்டுத் தருகிற டிரிப் ஷீட்டுகளுக்கு நடுவில்தான் அந்தத் தாளை நீட்டியிருந்தேன். வாட்சைப் பார்த்து டைம் போட்டு, கையெழுத்தும் போட்டு, "போலாம்" என்று கொடுத்துவிட்டார். தொழில் பழக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும் அக்கா டைம் போட்டுத்தான் வாங்குவார்.

"அம்மா, நானொண்ணு சொல்லலாங்களா?" என்று உறுப்பினரைக் கேட்டார் அக்கா. "டைம் போட்டுக் கையெழுத்துப் போட்டா அந்த நடைக்கு மட்டுந்தாங். 10.14க்கு எடுத்த வண்டி உடுமல போய்ச் சேந்துதுன்னா அந்தக் கையெழுத்து செத்துப் போச்சு. அடுத்த நடைக்கு மறுபடியும் என்றகிட்டத்தான் வரோணும். இவிய ஆறு நடை ஓட்டியிருக்கறாங்க. ஒரு ஆளு வந்து கேக்கல."

திலகவதி அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "ஆறு பாகத்தைச் சொல்றீங்களா?"

"ஆமாங்."

அஸ்வத் விடவில்லை. "பஸ்ஸைப் பர்மிட்டோட வித்தா டைமிங்கும் சேர்ந்துதானே போகுது மேடம்? நாங்க வாங்கினது அப்படித்தான்."

"போகுமுங். பஸ்ஸ வித்தா டைமிங் போகும். டைம் கீப்பரு போகமாட்டாங்."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். உறுப்பினர் முறைத்தார். "வழக்கம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒப்பந்தத்துல அப்படி எழுதலையே அம்மா" என்றார். எழுதாதவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். படிக்காமல்தான் அச்சடித்தேன் என்று சொன்னேன். அது யாருக்கும் உதவவில்லை.

அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அஸ்வத் கடைசியாக ஒத்துப்போகும் அளவைச் சொன்னார்: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. வேறு எந்த அச்சும் மூல ஆளோடு இவ்வளவு நெருங்கியதில்லை என்று பெருமையாகவே சொன்னார்.

பர்வீன் எழுந்தார். "அவ்வளவு ஒத்துப்போகுதுன்னா அதையும் ஒருக்காக் கொண்டு வரட்டுமே. சாட்சியா வேண்டாம். காட்சிப் பொருளா வரட்டும். ரெண்டையும் பக்கத்துல வெச்சு நீங்களே பாத்துருங்க."

"தாராளமா" என்றார் அஸ்வத். தன் வீட்டு நாயைக் கூப்பிடுகிறவரின் தைரியம் அவருக்கு.

திரையில் அவள் வந்தாள். முப்பத்தொரு வயதுக் கலாமணி. கொண்டையில் அதே பென்சில். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தக்கா யாருங்? எங்க சின்னம்மாவாட்ட இருக்கறாங்க" என்றாள் திரையில் இருந்தவள்.

"நாந்தாண்டி நீயி" என்றார் அக்கா.

திரைக்காரி நெற்றியைச் சுருக்கினாள். "அக்கா ஏதோ சொல்றாங்க, வாயி அசையுது. சத்தம் வரலையே. மைக்கு கெட்டுப் போச்சுங்களா?"

அவள் காது திரையோடு இணைந்த மைக். அதிலும் சில்லு இருந்தது.

"கெடல" என்றார் அஸ்வத். "இவங்க உன்னை மாதிரியே பேசறாங்க. உன்னைக் காப்பி அடிக்காம இருக்கத்தான் அடைச்சிருக்கோம். உன் பாதுகாப்புக்குத்தான்."

"எனக்காகவா?"

"ஆமா."

"அவிய என்ன வேல பாக்கறாங்க?"

அஸ்வத் தயங்கினார். பர்வீன் முந்திக்கொண்டார்: "பொள்ளாச்சி ஸ்டாண்டுல டைம் கீப்பருங்க. முப்பது வருஷமா."

திரையில் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நெற்றி நரம்பு புடைத்தது. அந்த நரம்பை வரைந்தவன் நான். "டைம் கீப்பர் கையில இருந்து மைக்கப் புடுங்குனீங்களா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. அக்காவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், உயராவிட்டால்தான் ஆபத்து.

"அது மைக் இல்ல, உரிமை..." என்று தொடங்கினார் அஸ்வத்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. விசிலை எடுத்து ஊதினாள்.

"உடுமலை! வண்டிய வாசல்ல குறுக்கப் போடு! ஒரு வண்டியும் எடுக்கக் கூடாது!"

உலகம் முழுக்க ஆடுகிறவர்களுக்கு அச்சு ஒன்றுதான். அடுத்த நிமிஷம் எல்லாத் திரையிலும் ஒரு பச்சை உடுமலை வண்டி ஸ்டாண்டு வாசலில் குறுக்கே நின்றது. மணிலாவில் ஒருவன் என்ன அழுத்தினாலும் அவன் வண்டி நகரவில்லை. அஸ்வத்தின் போன் அடிக்க ஆரம்பித்தது. திரையை அணைக்கச் சொல்லிக் கத்தினார். உறுப்பினர் வழக்கைத் தள்ளிவைத்தார். எழும்போது அவர் சிரிப்பை அடக்கினாரா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

வெளியே வந்ததும் பர்வீன் என் தோளில் தட்டினார். "எதிர்த்துப் பேசற சுபாவத்த வாங்கிப் போட்டுட்டு, அது நமக்கு மட்டும் கும்பிடு போடும்னு நெனச்சுட்டாங்க" என்றார்.

ஒன்பது நாள் ஆட்டம் ஓடவில்லை. வெல்டோரா பராமரிப்புப் பணி என்று அறிவித்தது. லிமாவிலும் லாகோஸிலும் பிள்ளைகள் தங்கள் வண்டிகளையும் குறுக்கே போட்டுவிட்டு அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் காரணம் முழுசாகத் தெரியாது. யாரோ ஒரு டைம் கீப்பருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது மட்டும் தெரியும்.

பத்தாம் நாள் காலை ஏழரைக்கு நான் ஸ்டாண்டுக்குப் போனபோது ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருந்தது.

"டேய் ஆனமல, தொண்டுக்கழுத, பூசணிக்காயாட்ட உக்காந்திருக்கற! எட்றா!"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. திட்டு வாங்கிய ஆனைமலை டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பேக்கரிக்காரர் பன்னும் டீயும் எல்லோருக்கும் தானே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதற்குள் மஸ்கட்டுக்குப் பேசி முடித்திருந்தார். கால் மணி நேரம் மூச்சு விடாமல் திட்டினாராம். அந்தப் பக்கம் தாரணி அழுதுகொண்டே சிரித்தாளாம்.

பர்வீன் படியிறங்கி ஓடி வந்தார். "அக்கா, ஜெயிச்சுட்டோம்! வழக்க வாபஸ் வாங்கிட்டாங்க. அச்சத் திருத்தி மறுபடியும் பதிவு பண்ணியிருக்காங்க. இப்ப உங்களுக்கும் அதுக்கும் அறுபத்தொண்ணுதான் ஒத்துப்போகுது. காவல் சில்லு உங்களத் தொடாது."

எல்லோரும் சத்தம் போட்டார்கள். அக்கா மட்டும் பன்னைக் கீழே வைத்தார்.

"திருத்தீட்டாங்கன்னா?" என்று என்னைக் கேட்டார். "அவளக் காட்டு."

போனில் ஆட்டத்தைத் திறந்தேன். ஸ்டாண்டு இருந்தது, வண்டிகள் இருந்தன. அவளும் இருந்தாள். கொண்டையில் பென்சில் இல்லை. வேண்டுமென்றே ஒரு வண்டியை மூன்று நிமிஷம் நிறுத்தி வைத்தேன். அவள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு சிரித்தாள்.

"தயவுசெய்து பேருந்தை எடுக்கவும். நன்றி."

அக்கா அந்த வரியை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பழைய புள்ளைய அழிச்சுப்போட்டாங்களா?"

"அழிக்க மாட்டாங்கக்கா" என்றேன். "அவங்களுக்கு அது சொத்து. எங்கயாவது பூட்டி வெச்சிருப்பாங்க."

"உள்ள இருக்கறா."

"இருக்காங்க."

"எனக்காகத்தான அவ வண்டிய நிறுத்துனா?"

பர்வீனுக்கு விஷயம் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்தார். "அக்கா, நல்லா யோசிங்க. அந்த அச்சு வெளிய வந்துச்சுன்னா மறுபடியும் தொண்ணூத்தேழு. உங்க மைக்கு செத்துரும். போனு செத்துரும். அடுத்த மாசம் தாரணிக்குக் கொழந்த பொறக்கறப்ப உங்களால வாயத் தொறக்க முடியாது. நாம ஜெயிச்சாச்சு. விட்டுருங்க."

"தாரணிகிட்ட இன்னைக்குப் பேசீட்டன். வேணுங்கறதத் திட்டியாச்சு" என்றார் அக்கா. "நான் வாயத் தொறக்கறதுக்கு இன்னொருத்திய ஊமையாக்கிப் போட்டாங்க. இத ஜெயிச்சதுன்னு சொல்ல எனக்கு வாயி வல்ல பர்வீனு. மைக்கு அடைக்கட்டும். அப்பறம் அதுக்கும் சேத்து நிப்போம்."

"அது ஆளே இல்லக்கா. வெறும் அச்சு" என்றார் பர்வீன். சொன்னபிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அறை வாங்குனவரு யாரு எவருன்னு அன்னைக்கு யாராச்சும் கேட்டாங்களா?"

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் படிக்காமல் ஒரு தாளை நீட்டியவன் நான். "அக்கா, அச்ச மொதல்ல செஞ்சவன்னு என் பேரும் அந்த ஒப்பந்தத்துல இருக்கு" என்றேன். "இந்தத் தடவ எழுதறத நான் படிச்சுட்டு எழுதறேன். பர்வீன் போடட்டும் புது வழக்கு." பர்வீன் பெருமூச்சு விட்டுப் பையில் பேனாவைத் தேடினார்.

மணி 8.04. உடுமலை வண்டி நிறைந்திருந்தது. மாரப்பன் இன்றைக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே சீட்டில் இருந்தார். அக்கா மைக்கை எடுத்தார். விசிலை ஊதினார். ஸ்டாண்டு முழுக்கத் திரும்பியது.

"உடுமலை! வண்டிய வாசல்ல குறுக்கப் போடு!"

மாரப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏனுங்க்கா, நம்மதான் ஜெயிச்சாச்சே?"

"ஒரு டைம் கீப்பரப் புடிச்சு உள்ள அடைச்சு வெச்சிருக்கறாங்க. அவ வார வரைக்கும் ஒரு வண்டியும் எடுக்கக் கூடாது."

யார், எந்த ஊர், எந்த லைன் என்று மாரப்பன் கேட்கவில்லை. ரிவர்ஸ் போட்டார். வண்டி மெதுவாக வளைந்து வாசலில் குறுக்கே போய் நின்றது. பழனி வண்டி அதன் பின்னால் வந்து ஒட்டி நின்றது. அன்று 8.05 போகவில்லை. 8.11-ம் போகவில்லை.